நியுவே: தேங்காயின் பெயரில் ஒரு நாடு

பசிபிக் கடலில் நியுவே என்று ஒரு தீவு இருக்கிறது. அந்த ஒற்றைத் தீவேதான் அந்த நாடும். அதற்கு இதுவரை வாய்த்த பெயர்கள் நான்கைந்து இருக்கும். அவற்றில் வரைபடங்களில் ரொம்ப காலம் ஒட்டிக்கொண்டிருந்த பெயரை வைத்தவர், கரையைத் தாண்டி ஊருக்குள் ஒரு முறைகூடப் போகாதவர்.

இந்தக் கட்டுரை அந்தப் பெயர்களைப் பற்றியது. ஒரு தீவின் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனாலே அதன் மண், மக்கள், அரசியல், ஏன் இணையதளம் வரைக்கும் போய்விடலாம் என்பதற்கு நியுவேயை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் இடம். நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து வடகிழக்காக சுமார் 2,400 கிலோமீட்டர். மேற்கே டோங்கா, வடக்கே சமோவா, கிழக்கே குக் தீவுகள். இந்த மூன்றும் சேர்ந்து ஒரு முக்கோணம் என்று வைத்துக்கொண்டால், நடுவில் தனியாகக் கிடக்கிறது இது. பரப்பு சுமார் 260 சதுர கிலோமீட்டர். தீவைச் சுற்றி ஓடும் சாலை அறுபது கிலோமீட்டர் சொச்சம். வழியில் எங்கும் இறங்காமல் போனால் இரண்டு மணி நேரத்தில் நாட்டையே வலம் வந்துவிடலாம். ஊர்கள் 14. தலைநகர் அலோஃபி. மக்கள்தொகை 1,700க்குக் கொஞ்சம் கீழே.

நியு + ஏ

பெயரின் பொருள் எளிது. நியுவே மொழியில் 'நியு' என்றால் தேங்காய், தென்னை. 'ஏ' என்பது 'இதோ பார்' என்று காட்டும் சொல். இரண்டையும் சேர்த்தால் 'இதோ, தேங்காய்!' தீவுக்குத் தென்னை வெளியிலிருந்து வந்து சேர்ந்தபோது பிறந்த பெயர் இது என்று அங்கே கதை சொல்கிறார்கள். கடலில் பல நாள் போய்விட்டுத் தரையைத் தேடுகிறவனுக்கு முதலில் கண்ணில் படுவது தென்னந்தலைதான் என்பதை யோசித்தால், பெயர் இன்னும் பொருத்தமாகத் தெரியும்.

தமிழ் வாசகருக்கு இந்த 'ஏ' உடனே காதில் இடறும். நாமும் 'தென்னையே!' என்று அதே 'ஏ' போட்டுத்தானே விளிக்கிறோம்? ஆமாம். ஆனால் இது வெறும் தற்செயல். இதை வைத்துக்கொண்டு யாரும் கடல் கடந்த ஆதித்தமிழர் கதையைத் தொடங்கிவிட வேண்டாம். உண்மையான உறவு வேறு பக்கம் இருக்கிறது, அது இன்னும் சுவாரசியமானது.

'நியு' என்ற சொல் சமோவாவில், டோங்காவில், ஃபிஜியில், ஹவாயில் எல்லாம் தேங்காய்தான். மலாயில் 'ஞியூர்'. பிலிப்பைன்சின் தகாலோகு மொழியில் 'நியோக்'. ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிய மடகாஸ்கரில் 'வோவானியோ'. அதன் கடைசித் துண்டிலும் அதே சொல் ஒளிந்திருக்கிறது. இவை எல்லாம் ஆஸ்ட்ரோனேசிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை. பாய்மர ஓடங்களில் ஏறி இந்தியப் பெருங்கடலின் ஒரு மூலையிலிருந்து பசிபிக்கின் மறுமூலை வரை பரவிய மக்கள், தேங்காயையும் அதன் பெயரையும் கூடவே கொண்டுபோனார்கள். ஆக நியுவே என்ற மூன்றெழுத்தில் இருப்பது ஒரு தீவின் கதை மட்டுமில்லை. பாதி உலகம் சுற்றிய ஒரு சொல்லின் கதையும்தான்.

உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. ஆங்கில எழுத்தில் பார்த்துவிட்டு 'நையூ' என்றோ 'நியூ' என்றோ சொல்கிறவர்கள் உண்டு. கடைசி 'ஏ' விழுங்கப்படக் கூடாது. அதில்தான் 'பார்' என்ற பொருள் இருக்கிறது. அதேபோல அந்த மொழியில் ஆங்கில 'ஜி' எழுத்தைப் போட்டால் அதை 'ங' என்று படிக்க வேண்டும். ரோமன் எழுத்தில் 'உகா' போலத் தெரியும் தேங்காய் நண்டின் பெயர் உண்மையில் 'உஙா'. தமிழில் தனித்து வேலையே இல்லாமல் கிடக்கும் 'ங' வரிசைக்கு, பசிபிக்கில் நல்ல கிராக்கி.

அதற்கு முந்திய பெயர்கள்

நியுவே என்பதே பழைய பெயர் இல்லை. அதற்கு முன் 'நுகுதுதஹா' என்று ஒரு பெயர் இருந்தது. நுகு என்றால் நிலம், தீவு. து என்றால் நிற்பது. தஹா என்றால் ஒன்று. தனித்து நிற்கும் தீவு. அக்கம்பக்கத்து டோங்காவும் சமோவாவும் தீவுக்கூட்டங்கள். இது மட்டும் ஒற்றை. பெயர் வைத்தவர் புவியியலை அப்படியே எழுதிவைத்துவிட்டார்.

இந்த 'து'வை இன்னோர் இடத்திலும் பார்க்கலாம். துவாலு என்ற நாட்டின் பெயரில் இருப்பதும் இதே 'து'. வாலு என்றால் எட்டு. 'எட்டும் சேர்ந்து நிற்பவை' என்பது துவாலுவின் பொருள். அங்கே ஒன்பது தீவுகள் உண்டு, வழிவழியாக ஆள் குடியிருந்தது எட்டில். ஆக ஒரு பெயர் எட்டாக நிற்கிறது, இன்னொரு பெயர் ஒன்றாக நிற்கிறது. பாலினேசிய மொழிகளில் இப்படி ஐந்தாறு சொற்களைக் கற்றுக்கொண்டாலே வரைபடத்தின் பாதி படிக்கக் கிடைத்துவிடும்.

'மோதுதேஃபுவா' என்றும் ஒரு பழம்பெயர் உண்டு. வெறுந்தீவு, ஒன்றும் விளையாத தீவு என்ற பொருளில் சொல்வார்கள். கொஞ்சம் மனத்தாங்கலோடு வைத்த பெயர் போலிருக்கிறது. ஏன் என்பது மண்ணைப் பார்த்தால் புரியும். அதற்கு முன் தீவு எப்படி வந்தது என்று நியுவே மக்கள் சொல்லும் கதையைக் கேட்டுவிடலாம்.

ஃபோனுஅகாலோ என்று ஒரு நாடு, மறைந்த நாடு. ('காலோ'வில் உள்ளதும் 'ஙா'தான்.) அங்கிருந்து ஹுவானாகி, ஃபாவோ முதலிய ஐந்து தெய்வ முன்னோர்கள் கிளம்பினார்கள். வந்து பார்த்தால் இங்கே நிலமே இல்லை. கடல்மட்டத்தில் அலை புரண்டுகொண்டிருக்கும் வெறும் பாறை. ஹுவானாகி காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். தண்ணீர் வடிந்து தீவு மேலே எழுந்தது. இரண்டாம் முறை மிதித்தார். செடிகொடிகள் முளைத்தன. தீ என்ற செடியிலிருந்து முதல் ஆணும் பெண்ணும் வந்தார்கள்.

இப்போது நிலவியல்காரர்கள் சொல்வதைக் கேளுங்கள். ஆழ்கடலில் ஓர் எரிமலை. அது அணைந்து, தேய்ந்து, அமிழத் தொடங்கியது. அதன் தலைமேல் பவளப்பாறைகள் வளர்ந்தன. நடுவில் ஆழமில்லாத காயல், சுற்றிலும் பவள வளையம். அதாவது மாலத்தீவில் பார்க்கிற மாதிரி ஒரு பவளத்தீவு. கதை இங்கேயே முடிந்திருந்தால் நியுவேயும் கடல்மட்டத்திலிருந்து ஓர் ஆள் உயரம்தான் இருந்திருக்கும். ஆனால் அதற்கு மேற்கே டோங்கா அகழி இருக்கிறது. அங்கே பசிபிக் தட்டு வளைந்து பூமிக்குள் இறங்குகிறது. மேசை விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை நீட்டிவைத்து அதன் நுனியைக் கீழே அமுக்கிப் பாருங்கள். கொஞ்சம் பின்னால் ஸ்கேல் லேசாகப் புடைத்து எழும். கடல்தட்டும் அகழிக்குள் குனிவதற்கு முன் அப்படித்தான் புடைக்கிறது. அந்தப் புடைப்பின் மேல் நியுவே ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதனால் தீவு முழுதும் கடலிலிருந்து மேலே தூக்கப்பட்டுவிட்டது.

தூக்கப்பட்டது ஒரே மூச்சில் இல்லை. கரையோரம் இருபதைத்தாண்டிய மீட்டர் உயரத்தில் ஒரு படி, உள்ளே போகப்போக அறுபது எழுபது மீட்டரில் மேல்தளம் என்று தீவுக்கே படிக்கட்டு வடிவம். பழைய பவள வளையம் இன்று மேட்டு விளிம்பு. பழைய காயலின் தரை இன்று தீவின் நடுப்பகுதி, தட்டுபோல் லேசாகக் குழிந்தது. ஹுவானாகி மிதித்த கதைக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. நிலம் எழுந்தது, தண்ணீர் வடிந்தது, பிறகு செடி முளைத்தது என்ற வரிசையில் இரு தரப்புக்கும் தகராறே இல்லை. மிதித்தது யார் என்பதில்தான் கருத்து வேறுபாடு.

மேலெழுந்த பவளத்தீவுகளில் உலகிலேயே பெரியவற்றுள் இது ஒன்று. ஊர்க்காரர்கள் ஆங்கிலத்தில் செல்லமாக 'த ராக்' என்கிறார்கள். பாறை. அதுவும் ஒரு பெயர்தான்.

சரி, வெறுந்தீவு என்ற பழம்பெயருக்கு வருவோம். முழுக்கச் சுண்ணாம்புக்கல் என்பதால் பெய்கிற மழை அப்படியே இறங்கிவிடும். ஓர் ஆறு கிடையாது, ஓடை கிடையாது, குளம் கிடையாது. இறங்கிய மழைநீர் பாறைக்குள் கடல்நீரின்மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட எடை குறைவு என்பதால் இது நடக்கிறது. இன்று குழாய்க்கிணறு போட்டு அதைத்தான் எடுக்கிறார்கள். பழங்காலத்தில் குகைகளில் சொட்டும் நீரையும் மழைநீரையும் நம்பித்தான் வாழ்க்கை. மண்ணோ பாறை இடுக்குகளில் மட்டும். அந்த இடுக்குகளில்தான் டாரோ நடுகிறார்கள். நம் சேப்பங்கிழங்கேதான் அது, இன்றும் அங்கே முதன்மை உணவு.

ஆறு இல்லாததில் ஒரு லாபமும் உண்டு. கடலுக்குள் சேறும் வண்டலும் கொண்டுவர ஆளில்லை. அதனால் நியுவேயைச் சுற்றிய கடல் கண்ணாடி போலத் தெளிவு. கரையோரம் முழுக்கக் குகைகளும் பாறை வளைவுகளும் கடல்நீர்க் குளங்களும். தாலாவா, லிமு, மாதாபா, தோங்கோ என்று சுற்றுலாக்காரர்கள் தேடிப்போகும் இடங்கள் இவை. உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு கடற்பாம்பு இங்கே இருக்கிறது, பெயர் காதுவாலி. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை கூன்முதுகுத் திமிங்கிலங்கள் கரைக்குப் பக்கத்திலேயே வந்து போகும். மணற்கரை என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை.

குக் வைத்த பெயர்

1774 ஜூன். கேப்டன் ஜேம்ஸ் குக் தன் இரண்டாவது பெரும் பயணத்தில் 'ரெசல்யூஷன்' கப்பலில் இந்தப் பக்கம் வந்தார். கரையில் இறங்கப் பார்த்தார். ஓரிடத்தில் நான்கு ஓடங்கள் ஆளில்லாமல் கிடந்தன. நல்லெண்ணத்துக்கு அடையாளமாக அவற்றில் பதக்கங்களும் ஆணிகளும் வைத்துவிட்டு நகர்ந்தார்கள். பிறகு காட்டுக்குள்ளிருந்து ஆட்கள் வந்தார்கள். கல் பறந்தது. கப்பலில் வந்திருந்த இயற்கையியலாளர் ஸ்பார்மனின் கையில் ஒரு கல் பட்டது. ஓர் ஈட்டி குக்கின் தோளை உரசாத குறையாகத் தாண்டிப்போனது. குக் பதிலுக்குத் துப்பாக்கியின் விசையை இழுத்தார், அது வெடிக்கவில்லை. திரும்பிக் கப்பலேறிப் போய்விட்டார்கள். போகும்போது அந்த மக்களின் நடத்தையையும் தோற்றத்தையும் காரணம் காட்டி அவர் வைத்த பெயர் 'சாவேஜ் தீவு'. காட்டுமிராண்டித் தீவு என்று பச்சையாகவே மொழிபெயர்க்கலாம்.

தோற்றம் என்று அவர் சொன்னதற்குத் தீவில் இன்று ஒரு விளக்கம் தருவார்கள். அங்கே ஹுலாஹுலா என்று ஒரு சிவப்பு வாழை உண்டு. அதன் சாறு வாயெல்லாம் சிவந்திருந்ததைப் பார்த்து, ரத்தம் என்று நினைத்து, நரமாமிசக்காரர்கள் என்று குக்கின் ஆட்கள் பயந்துவிட்டார்களாம். வெற்றிலை போட்ட வாயோடு வெள்ளைக்காரன் முன்னால் போய் நின்ற நம் பாட்டிகளுக்கும் இந்த அனுபவம் கிடைத்திருக்கும்.

ஆனால் கல்லெறிந்ததற்கு இதைவிட ஆழமான காரணம் இருந்தது. வெளியிலிருந்து வருகிறவர்கள் நோயைக் கொண்டுவருவார்கள் என்று நியுவே மக்கள் நம்பினார்கள். அந்நியரை மட்டுமில்லை, கப்பலேறி வெளியே போன சொந்த ஊர்க்காரன் திரும்பி வந்தாலும் உள்ளே விட மறுத்தார்கள். பின்னாளில் கப்பல்களோடு பண்டமாற்று செய்யத் தொடங்கிய பிறகும், வாங்கிய பொருளை உடனே தொட மாட்டார்கள். வாரக்கணக்கில் தனியே தொங்கவிட்டுவிட்டுத்தான் எடுப்பார்கள். கிருமி என்ற சொல்லே இல்லாத காலத்தில் இது ஓர் ஒழுங்கான தனிமைப்படுத்தல். பசிபிக்கில் அம்மையும் இன்ஃபுளுவென்சாவும் தட்டம்மையும் எத்தனை தீவுகளைக் காலி செய்தன என்று தெரிந்தவர்களுக்கு, அந்தக் கல்லில் காட்டுமிராண்டித்தனம் தெரியாது.

1830இல் லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த ஜான் வில்லியம்ஸ் வந்தார். அவரது போதகர்களைத் தங்கவிடவில்லை. அவர் இரண்டு இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு போனார். அவர்கள் திரும்பி வந்த கொஞ்ச நாளில் தீவில் நோய் பரவியது. பழி அவர்கள் தலையில் விழுந்தது. பயம் சும்மா இல்லை என்று ஊரே உறுதி செய்துகொண்டது.

குக் பக்கத்து டோங்காவுக்கு வைத்த பெயரையும் இங்கே சொல்லிவிட வேண்டும்: 'ஃபிரெண்ட்லி தீவுகள்', நட்புத் தீவுகள். விருந்து வைத்தவர்கள் நண்பர்கள், விரட்டியவர்கள் காட்டுமிராண்டிகள். அவ்வளவுதான் அளவுகோல். குக் பின்னொரு முறை அங்கே போனபோது, விருந்து நடக்கும்போதே அவரைக் கொன்றுவிட டோங்காத் தலைவர்கள் திட்டம் போட்டிருந்தார்கள் என்று பின்னாளில் ஒரு கதை அச்சேறியது. உண்மையோ பொய்யோ, பயணிகள் வைக்கும் பெயர்களை எவ்வளவு நம்பலாம் என்று யோசிக்க வைக்கிறது.

பசிபிக் வரைபடத்தில் இப்படிப்பட்ட பெயர்கள் நிறைய. நவ்ரு ஒரு காலத்தில் 'பிளசன்ட் தீவு', இனிய தீவு. வனுவாட்டு 1980இல் விடுதலை பெறும்வரை 'நியூ ஹெப்ரிடீஸ்'. ஸ்காட்லாந்துப் பக்கத்துத் தீவுகளின் பெயரைத் தூக்கிக்கொண்டு வந்து ஒட்டியது அது. துவாலு 'எல்லிஸ் தீவுகள்' என்று ஒரு கனவான் பெயரில் இருந்தது. கிரிபாஸ் (நாம் கிரிபாட்டி என்று எழுதுவது) நாட்டுக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 'கில்பர்ட்ஸ்' என்ற ஆங்கிலப் பெயரையே தங்கள் நாக்குக்கு ஏற்ப உருட்டினால் வருவதுதான் கிரிபாஸ். பெயரை மாற்றவில்லை, உள்ளூர்ச் சட்டை போட்டுவிட்டார்கள்.

நியுவே விஷயத்தில் சாவேஜ் தீவு என்ற பெயர் நூறாண்டுக்கும் மேலாக, இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகும் ஆங்கில வரைபடங்களிலும் அரசாங்கத் தாள்களிலும் இருந்தது. 'நியுவே ஃபெகாய்', அதாவது மூர்க்கமான நியுவே, என்றும் ஒரு வழக்கு இருந்தது. பட்டப்பெயர் வைத்தவனே மறந்தாலும் பட்டப்பெயர் மறக்காது என்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

ராஜா, ராணி, பிறகு வாக்குச்சீட்டு

கிறிஸ்தவம் கடைசியில் ஒரு சொந்த ஊர்க்காரர் மூலமாகவே உள்ளே வந்தது. பெனியாமினா என்ற நியுவே இளைஞர் சமோவாவில் படித்துவிட்டு 1846 அக்டோபரில் வடக்கேயுள்ள முதாலாவ் ஊரில் வந்து இறங்கினார். அவரையும் லேசில் விடவில்லை, ஆனால் விட்டார்கள். இன்றும் அக்டோபரில் பெனியாமினா நாள் அரசு விடுமுறை. அவருக்குப் பின் சமோவாப் போதகர் பாவுலோ, 1861இல் ஆங்கிலேயர் ஜார்ஜ் லாஸ் என்று வரிசையாக வந்தார்கள்.

கதவு திறந்ததற்கு விலையும் இருந்தது. 1862, 63இல் பெரு நாட்டிலிருந்து அடிமை பிடிக்கும் கப்பல்கள் பசிபிக் முழுக்க அலைந்தன. நியுவேயிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்களை அவை கொண்டுபோயின. சின்னத் தீவுக்கு அது தாங்க முடியாத கணக்கு.

அந்தக் காலத்தில் தீவுக்கு அரசர் என்று ஒருவர் நிலையாக இல்லை. ஊர்கள் தனித்தனி. வடக்கே இருப்பவர்கள் 'மோது', தெற்கே இருப்பவர்கள் 'தாஃபிதி'. இரண்டு தரப்பும் ஆளுக்கொரு வட்டார வழக்கோடு பேசின, அவ்வப்போது சண்டையும் போட்டுக்கொண்டன. 1876இல் துயிதோங்கா என்பவரை அரசராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவருக்குப் பின் வந்த ஃபாதாஅய்கி 1887இல் விக்டோரியா ராணிக்குக் கடிதம் எழுதினார்: வேறு எந்த நாடும் வந்து பிடித்துக்கொள்ளாமல் உங்கள் கையை எங்கள்மேல் நீட்டிக் காப்பாற்றுங்கள் என்று. யார் கையிலாவது விழப்போவது உறுதி என்றால் யார் கை என்பதையாவது நாமே முடிவு செய்யலாமே என்ற கணக்கு என்று எனக்குப் படுகிறது. பதில் வர நேரமானது. அதற்குள் அவர் இறந்துவிட, தோங்கியா அரசராக இருந்தபோது, 1900இல் பிரிட்டிஷ் பாதுகாப்புக்குள் நியுவே வந்தது. அடுத்த ஆண்டே, 1901இல், நியூசிலாந்தின் கைக்கு மாற்றிவிட்டார்கள். அதிலும் குக் தீவுகளோடு சேர்த்து ஒரே நிர்வாகமாக. தன்னைக் காட்டுமிராண்டி என்ற ஆளின் பெயரைத் தாங்கிய தீவுகளின் வாலாக இருப்பதை நியுவே ஒப்புக்கொள்ளவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் உண்மைக் காரணம் எளியது: எங்கோ இருக்கும் ராரோதோங்காவிலிருந்து, அதாவது குக் தீவுகளின் தலைமைத் தீவிலிருந்து, எங்களை ஏன் ஆள வேண்டும் என்றார்கள். சில ஆண்டுகளில் நிர்வாகம் தனியாகப் பிரிந்தது.

முதல் உலகப்போர் வந்தபோது, சுமார் 4,000 பேர் இருந்த தீவிலிருந்து 150 பேர் படைக்குப் போனார்கள். பலருக்கு ஆங்கிலம் தெரியாது, பூட்ஸ் பழக்கமில்லை. எகிப்து வழியாக பிரான்ஸ் போனார்கள். குண்டு அவர்களை வீழ்த்தவில்லை. குளிரும் நோயும்தான் வீழ்த்தின. சில மாதங்களுக்குள் பெரும்பாலோர் ஆஸ்பத்திரியில். 1916லேயே அவர்களைத் திருப்பி அனுப்ப முடிவானது. கல்லெறிந்த முன்னோர்கள் பயந்த அதே விஷயம், இந்த முறை ஆட்கள் அதைத் தேடிப்போய் வாங்கிக்கொண்டார்கள்.

1974இல் வாக்கெடுப்பு நடந்தது. அக்டோபர் 19 முதல் நியுவே தன்னாட்சி நாடு. இங்கே ஒரு சொல்லை விளக்க வேண்டும், ஏனென்றால் பலர் குழம்புவது இதில்தான். நியுவே முழுக்க விடுதலை பெற்ற நாடா, நியூசிலாந்தின் பகுதியா? இரண்டும் இல்லை, கொஞ்சம் இரண்டும். சட்டம் இயற்றுவது, வரி போடுவது, பள்ளி நடத்துவது எல்லாம் நியுவேயின் சொந்த மன்றம். 20 உறுப்பினர்கள், 14 ஊர்களுக்கு ஆளுக்கு ஒருவர், மீதி ஆறு பேர் பொதுவில். மக்கள் நியூசிலாந்துக் குடிமக்கள், கையில் நியூசிலாந்து பாஸ்போர்ட், பையில் நியூசிலாந்து டாலர். பாதுகாப்பிலும் பண உதவியிலும் நியூசிலாந்து துணை நிற்க வேண்டும் என்பது ஒப்பந்தம். விருப்பப்பட்டால் உறவை முறித்துக்கொள்ளவும் நியுவேக்கு உரிமை உண்டு. கூட்டுக்குடும்பத்தில் தனி அடுப்பு வைத்த பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐ.நா. சபையில் உறுப்பு நாடு இல்லை, ஆனால் யுனெஸ்கோவிலும் உலக சுகாதார நிறுவனத்திலும் உறுப்பினர். இந்தியா 2012இல் தூதரக உறவு வைத்துக்கொண்டது. அமெரிக்கா 2023இல்தான் தனிநாடாக ஏற்றது.

கொடியைப் பாருங்கள்: மஞ்சள் துணி, மூலையில் பிரிட்டிஷ் கொடி. அதன் நடுவில் நீல வட்டம், வட்டத்துக்குள் ஒற்றை நட்சத்திரம். நீலம் கடல், நட்சத்திரம் நியுவே. நுகுதுதஹாவைப் படமாக வரைந்தால் இப்படித்தான் இருக்கும்.

குடியுரிமையின் மறுபக்கம், கதவு எப்போதும் திறந்திருப்பது. 1960களில் 5,000க்கு மேல் இருந்த மக்கள்தொகை, விமான நிலையம் வந்தபிறகு சரசரவென்று இறங்கியது. நியூசிலாந்தின் 2018 கணக்கெடுப்பில் தங்களை நியுவே இனத்தவர் என்று பதிந்தவர்கள் 30,000க்கும் மேல். தீவில் இருப்பதைப்போல் பல மடங்கு. ஊருக்குள் பூட்டிய வீடுகளும், வீட்டு முன்னாலேயே, சாலையோரமாக முன்னோர் கல்லறைகளும் சேர்ந்து நிற்கும் காட்சி அங்கே சாதாரணம். 2004 ஜனவரியில் வந்த ஹேதா புயல் மிச்சத்தையும் ஆட்டிவிட்டது. அலை பாறை விளிம்பைத் தாண்டி ஏறி அலோஃபியில் ஆஸ்பத்திரியை அழித்தது. தீவை மிதித்து எழுப்பிய ஹுவானாகியின் பெயரில் ஒரு பண்பாட்டு மையமும் அருங்காட்சியகமும் இருந்தன. அவையும் போயின, உள்ளே இருந்த பழம்பொருள்களில் பெரும்பகுதியோடு.

இரண்டு எழுத்து

பெயரால் இந்தத் தீவுக்குக் கடைசியாக வந்த வம்பு இணையத்தில். ஒவ்வொரு நாட்டுக்கும் இணைய முகவரியின் வாலாக இரண்டு ஆங்கில எழுத்து உண்டு, இந்தியாவுக்கு 'ஐ.என்.' போல. நியுவேக்குக் கிடைத்தது 'என்.யு.' இந்த 'நூ' ஸ்வீடன், டென்மார்க், நெதர்லாந்து மொழிகளில் 'இப்போது' என்று பொருள்படும் சொல். விளம்பரக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? 1990களின் பிற்பாதியில் ஓர் அமெரிக்கத் தொழில்முனைவோர் இதை நடத்தும் உரிமையைப் பிடித்தார். ஸ்வீடனில் இந்த முகவரிகள் சக்கைப்போடு போட்டன. 2013இல் இருந்து ஸ்வீடனின் இணைய அமைப்பே இதை நடத்துகிறது. இது எங்கள் பெயர், எங்கள் சொத்து, இதில் வரும் காசும் எங்களுக்கு வர வேண்டும் என்று நியுவே அரசு ஸ்வீடன் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. தேங்காய்க்குப் பிறந்த சொல்லிலிருந்து எடுத்த இரண்டு எழுத்து, ஸ்டாக்ஹோமில் வழக்காகும் என்று யார் நினைத்திருப்பார்கள்.

வேறு வழிகளிலும் பெயரைக் காசாக்கியிருக்கிறார்கள். நியுவேயின் பெயர் பொறித்த சேகரிப்பு நாணயங்கள் உலகெங்கும் விற்பனையாகின்றன; எலிசபெத் ராணி காலத்தில் அவர் தலை ஒரு பக்கம், கார்ட்டூன் பாத்திரம் மறுபக்கம் என்றெல்லாம் வந்தன. 2020இல், நாடு முழுவதையும் இருள்வானப் பகுதியாக அறிவிக்கச் செய்த முதல் நாடு என்ற பெயரும் கிடைத்தது. தெருவிளக்கு குறைவு என்பதைப் பெருமையாக மாற்றத் தெரிந்திருக்கிறது.

அதே 2020இல் கொரோனா வந்ததும் நியுவே எல்லையை மூடியது. முதல் தொற்று உள்ளே வந்தது 2022 மார்ச்சில்தான். அதுவும் எல்லையிலேயே, தனிமைப்படுத்தலிலேயே பிடிபட்டது.

இன்று போக வேண்டும் என்றால் ஆக்லாந்திலிருந்து விமானம். மூன்றரை மணி நேரம். நடுவில் தேதிக்கோட்டைத் தாண்டுவதால் கிளம்பிய நாளுக்கு முந்தின நாளில் போய் இறங்குவீர்கள். பாய்மரப் படகில் வருகிறவர்களும் உண்டு. ஆனால் அவர்களுக்குத் துறைமுகம் என்று ஒன்று கிடையாது. பாறைக்கரை அப்படியே செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது, அலையில் படகைக் கட்டிப்போட முடியாது. அதனால் பெரிய படகை வெளியே நிறுத்திவிட்டுச் சின்னப் படகில் அலோஃபி படகுத்துறைக்கு வருவார்கள். அங்கே ஒரு கிரேன் இருக்கிறது. அதன் கொக்கியில் படகை மாட்டி, தண்ணீரிலிருந்து தூக்கி, மேலே வைத்துவிட்டு ஊருக்குள் நடக்க வேண்டும்.

குக்குக்கு அந்தக் கிரேன் இல்லை.